ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு தீர்ப்பு



2024 நவம்பர் 14ஆம் திகதி நாம் பாராளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தோம். அதற்கு ஒன்பது நாள் முன்னால், நவம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவிலும் பொதுத்தேர்தல் நடந்தது. டிரம்ப் வென்றார் என்ற செய்தி எல்லா லயத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மிசூரி என்ற மாநிலத்தில், அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், தொழிலாளர்கள் ஒரு சம்பளச் சட்டத்தை வென்றெடுத்தார்கள். எட்டு மாதத்தில் அதில் ஒரு பெரிய பங்கு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. இந்தச் செய்தி நம் பக்கம் வரவில்லை. சம்பள நிர்ணய சபையையும் வர்த்தமானியையும் நம்பி வருடக்கணக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு டிரம்பின் வெற்றியைவிட இதுதான் தேவையான செய்தி என்று நினைத்து, இந்த மாதத் தலையங்கத்தை அதற்கு ஒதுக்குகிறோம்.

முதலில் அங்கே வாக்களிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். நாம் ஜனாதிபதிக்கு ஒரு நாள், பாராளுமன்றத்துக்கு ஒரு நாள், பிரதேச சபைக்கு இன்னொரு நாள் என்று போகிறோம். அங்கே பெரும்பாலான பதவிகளுக்கு ஒரே நாளில், ஒரே சீட்டில். ஜனாதிபதி, செனட் உறுப்பினர், காங்கிரஸ் உறுப்பினர், மாநில ஆளுநர், துணை ஆளுநர், இராஜாங்கச் செயலாளர், பொருளாளர், சட்டமா அதிபர், மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள் என்று சீட்டு நீண்டுகொண்டே போகும். (காங்கிரஸ் என்றதும் நம்மவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். இங்கே நாம் சொல்வது அமெரிக்கப் பாராளுமன்றத்தை.) சீட்டின் கடைசியில் இன்னொன்றும் இருக்கும். மக்களே கையெழுத்துச் சேர்த்துக் கொண்டுவரும் சட்டப் பிரேரணை. அதற்கு ஆம், இல்லை என்று வாக்களிக்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு வழியே கிடையாது.

மிசூரியில் ஆட்களுக்கான முடிவு ஒரே பக்கமாக இருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் டிரம்புக்கு 58.5 வீதம். ஆளுநராக மைக் கீஹோ 59 வீதம் பெற்று வந்தார். இவர் துணை ஆளுநராக இருந்தவர், அதற்கு முன் கார் விற்பனை வியாபாரம் செய்தவர். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டல் குவேடுக்கு 39 வீதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. செனட் ஆசனத்தை ஜோஷ் ஹோலி 55.6 வீதத்தோடு தக்கவைத்தார். அன்று வாக்கெடுப்பு நடந்த மாநிலப் பதவிகள் அனைத்தும் குடியரசுக் கட்சிக்கே போயின. காங்கிரசின் 8 ஆசனங்களில் 6 அவர்களுக்கு. மாநிலச் சட்டசபையின் கீழ்ச்சபையில் 163 பேரில் 111 பேர், மேற்சபையில் 34 பேரில் 24 பேர். பொருளாளராகத் தெரிவான விவேக் மாலிக் இந்தியாவில், ஹரியானாவில் பிறந்தவர். பெயரைப் பார்த்ததும் நம்மில் சிலருக்கு ஒரு சந்தோஷம் வரலாம். அவரும் அதே கட்சிதான்.

இனிச் சீட்டின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். ‘ஏ’ பிரேரணை என்று ஒன்று இருந்தது. அது இரண்டு விஷயம் கேட்டது. ஒன்று, மணித்தியாலத்துக்கு 12.30 டொலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி 1இல் 13.75 டொலராகவும், 2026 ஜனவரி 1இல் 15 டொலராகவும் உயர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். இரண்டாவது, சம்பளத்துடன் சுகயீன விடுமுறை. 30 மணித்தியாலம் வேலை செய்தால் ஒரு மணித்தியால விடுமுறை சேரும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஆண்டுக்கு 56 மணித்தியாலம் வரை, சிறிய இடங்களில் 40 மணித்தியாலம் வரை எடுக்கலாம்.

டொலரை ரூபாவாக்கிப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். அங்கே வீட்டு வாடகையும் வைத்தியச் செலவும் அதே டொலரில்தான். இதில் நம்மைத் தொடுவது அந்த விடுமுறைதான். காய்ச்சல் என்று மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. உலகத்தின் பணக்கார நாட்டிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் லட்சக்கணக்கானோர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். மிசூரியில் மட்டும் சம்பளத்தோடு ஒரு நாள் சுகயீன விடுமுறைகூட இல்லாதவர்கள் ஏழு லட்சத்துக்கு மேல் என்று அங்குள்ள ஆய்வு அமைப்பொன்று கணக்கிட்டது.

‘ஏ’ பிரேரணைக்கு 57.6 வீதம் ஆம் என்று விழுந்தது. கீஹோவின் 59ஐயும் இந்த 57ஐயும் கூட்டிப் பாருங்கள், 116 வரும். வாக்களித்தவர்கள் நூறு பேர் என்றால், குறைந்தது பதினாறு பேராவது இரண்டுக்கும் புள்ளடி போட்டிருக்க வேண்டும். உண்மையில் அதைவிடப் பலர் இருப்பார்கள். நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் கணக்குதான் இது. சம்பள உயர்வும் வேண்டும், இந்த ஆளுநரும் வேண்டும் என்று ஒரே பேனையால் எழுதியவர்கள் அவர்கள்.

அடுத்து நடந்ததைத் திகதி வாரியாகச் சொல்கிறோம். வர்த்தகச் சங்கங்கள் பிரேரணையைச் செல்லுபடியற்றதாக்கக் கோரி நீதிமன்றம் போயின. 2025 ஏப்ரல் 29இல் மாநில உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மே 1ஆம் திகதி, தொழிலாளர் தினத்தன்று, சுகயீன விடுமுறை நடைமுறைக்கு வந்தது. (அங்கே மே தினம் விடுமுறை நாள் அல்ல என்பது வேறு கதை.) மே 14ஆம் திகதி மேற்சபையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பேசிப் பேசி நேரம் கடத்தித் தடுத்துப் பார்த்தார்கள். ஆளும் கட்சி தன் பெரும்பான்மையால் விவாதத்தையே முடித்துவிட்டு, விடுமுறையை ரத்துச் செய்யும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. ஜூலை 10இல் ஆளுநர் கையொப்பமிட்டார். ஒகஸ்ட் 28இல் ரத்து அமுலுக்கு வந்தது. அதோடு விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் சம்பளம் ஏறும் ஏற்பாடும் போயிற்று. 15 டொலர் மட்டும் தப்பியது.

மே 1இலிருந்து ஒகஸ்ட் 28 வரை 17 வாரம். வாரம் 40 மணித்தியாலம் உழைத்த ஒருவருக்குச் சேர்ந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 22 மணித்தியாலம். மூன்று நாள்கூட முழுதாக இல்லை. பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஆம் என்று சொல்லிக் கிடைத்த உரிமையின் ஆயுள் அவ்வளவுதான்.

மக்கள் போட்ட சட்டத்தைச் சட்டசபை எப்படி அழிக்க முடியும் என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். ‘ஏ’ பிரேரணை சாதாரணச் சட்டமாக எழுதப்பட்டிருந்தது. மிசூரியில் சாதாரணச் சட்டத்தை, அது மக்கள் வாக்கால் வந்ததாக இருந்தாலும், சட்டசபை மறுபடி தன் வாக்கால் மாற்றலாம். அதே தேர்தலில் கருக்கலைப்பு உரிமை பற்றிய இன்னொரு பிரேரணையும் 51.6 வீதத்தோடு நிறைவேறியது. அந்த விஷயத்தில் நம் வாசகர்களிடையே பல கருத்து இருக்கும், அதற்குள் நாம் போகவில்லை. அது மாநில அரசியலமைப்புக்குள் எழுதப்பட்டிருந்தது என்பதை மட்டும் பாருங்கள். அதே மே 14இல் அதே சபை அதையும் நீக்கப் பார்த்தது. ஆனால் தானாக நீக்க முடியவில்லை, 2026இல் மறுபடி மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும் என்றுதான் தீர்மானிக்க முடிந்தது. 51 வீதம் பெற்றது நிற்கிறது, 57 வீதம் பெற்றது போய்விட்டது. எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதைவிட, கிடைத்ததை எந்தப் பேழையில் வைத்துப் பூட்டினார்கள் என்பது பெரிதாகிவிட்டது.

இந்த மாநிலத் தொழிலாளர்கள் விவரமற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2017இல் அங்கே ‘வேலை செய்யும் உரிமை’ என்ற அழகான பெயரில் ஒரு சட்டம் வந்தது. பெயர்தான் அழகு. சங்கம் பேசிப் பெற்ற சம்பளத்தை வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு ஒரு சதமும் கொடுக்காமல் இருக்கலாம் என்பதே அதன் சாரம். சந்தா பிடிக்கும் நம் தோட்டத் தலைவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். தேவைப்பட்டது சுமார் ஒரு லட்சம் கையெழுத்து. சங்கங்கள் 3 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்தன. 2018 ஒகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் குறைந்தபட்சச் சம்பளத்தை 12 டொலராக்கும் பிரேரணைக்கு 62 வீதம் கிடைத்தது. அதே நவம்பரில்தான் ஹோலி முதன்முறை செனட்டுக்குத் தெரிவானார். ஆக, இரண்டு பக்கமும் வாக்களிப்பது மிசூரிக்குப் புதிதல்ல.

ஏன் இப்படி? மக்களுக்கு அறிவில்லை என்று சொல்லி முடிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. சம்பளப் பிரேரணையில் கட்சிச் சின்னம் இல்லை, அதனால் ஒவ்வொருவரும் தன் அடுப்பைப் பார்த்து வாக்களித்தார்கள். ஆட்களுக்கு வரும்போது மதம், குடியேறிகள், துப்பாக்கி, ஊர்ப்பற்று, அப்பா போட்ட கட்சி எல்லாம் வந்து நின்றன. மாநிலச் சட்டசபைக்கு நிற்கும் ஆளிடம், “இந்தப் பிரேரணை வென்றால் நீ அதைக் காப்பாயா, அழிப்பாயா” என்று கேட்டு எழுதி வாங்கும் வேலை போதுமான அளவு நடக்கவில்லை. நம் கணிப்பு இதுதான். கட்சிப் பெயரும் முழுச் சாட்சி அல்ல. ஹோலியே 2025 ஜூனில், நாடு முழுவதற்கும் 15 டொலர் குறைந்தபட்சச் சம்பளம் கேட்டு, வேறு கட்சிச் செனட்டர் ஒருவரோடு சேர்ந்து சட்டமூலம் கொண்டுவந்தார். அவருடைய கட்சிக்காரர்கள் மாநிலத்தில் விடுமுறையை ரத்துச் செய்து, ஆளுநரின் கையொப்பத்துக்குக் காத்திருந்த நேரம் அது.

இதைப் படிக்கும்போது 2024ஆம் ஆண்டு உங்களுக்கு ஞாபகம் வரும். மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் இடைக்காலத் தடை. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வந்து நின்றது. பிரட்டுக்களத்தில் பட்டாசு கொளுத்தியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். மேடையில் அறிவிப்பது ஒரு நாள் வேலை. அதைச் சம்பளச் சீட்டில் விழ வைப்பது யார் கையில் இருக்கிறது என்று அன்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

மிசூரியில் கதை முடியவில்லை. விடுமுறையை இம்முறை அரசியலமைப்புக்குள்ளேயே எழுத வேண்டும் என்று 2025இல் மனுக் கொடுத்தார்கள். மறுபக்கம், சட்டசபை 2025 செப்டெம்பரில் காங்கிரஸ் தொகுதி எல்லைகளையே மாற்றி வரைந்துவிட்டது. கன்சாஸ் நகரம் மூன்று தொகுதிகளாகத் துண்டாடப்பட்டு, எதிர்க்கட்சியின் இரண்டு ஆசனங்களில் ஒன்று ஆபத்துக்குள்ளானது. அதற்கு எதிராகவும் 2025இல் கையெழுத்து வேட்டை நடந்தது. 2026 நவம்பரில் மாநிலச் சட்டசபைக்கு மறுபடி தேர்தல்.

நம் தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். கடந்த பாராளுமன்றத் தேர்தலிலும் உள்ளூராட்சித் தேர்தலிலும் உங்கள் தோட்டத்துக்கு வந்து வாக்குக் கேட்டவர்கள் சம்பளம், காணி, வீடு பற்றி என்ன சொன்னார்கள் என்பதை ஆள் பெயர், திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். துண்டுப்பிரசுரம் இருந்தால் அதையும் ஒட்டி வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள்.