'மே' என்றால் 'லாம்', அவ்வளவுதானா?



'கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும்' என்ற அட்டவணை நம் குடும்பக் குழுவிலும் வந்தது, பழைய மாணவர் குழுவிலும் வந்தது. பிள்ளைகளை இதை மனப்பாடம் செய்ய வைக்கிறீர்களாம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

'யூ மஸ்ட் நாட் கம்', 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை படித்த பிள்ளை இரண்டுக்கும் 'வர வேண்டாம்' என்றே எழுதும். ஆனால் முதலாவது 'வரக்கூடாது'. இரண்டாவது 'வர வேண்டியதில்லை', வந்தாலும் தப்பில்லை. ஒன்று தடை, இன்னொன்று சலுகை. வேலை ஒப்பந்தத்தில் இதை மாற்றிப் படித்துக் கையெழுத்துப் போட்டால் யார் பொறுப்பு?

நம் அரசியலமைப்பையே பாருங்கள். பழைய 45ஆம் பிரிவு, 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு 'முயல வேண்டும்' என்றது. அது வழிகாட்டு நெறி. அதை வைத்து நீதிமன்றத்தில் அமல்படுத்தக் கேட்க முடியாது. 2002இல் 86ஆம் திருத்தம் கொண்டுவந்த 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரை 'தர வேண்டும்' என்றது. இப்போது அது அடிப்படை உரிமை. இரண்டிலும் 'ஷல்' உண்டு. அதன் பின்னால் வரும் வினை எது, அது எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதில்தான் பிள்ளையின் உரிமை இருக்கிறது. அதே 21ஏ, எந்த முறையில் தருவது என்பதை 'மே' போட்டு அரசின் முடிவுக்கு விடுகிறது. ஒரே வாக்கியத்தில் கடமையும் உண்டு, விருப்புரிமையும் உண்டு. இதை எந்த அட்டவணை சொல்லும்?

'முதலில் பேசட்டும் சார், நுணுக்கம் பிறகு' என்பீர்கள். பேசட்டும். ஆனால் தவறாகப் பதிந்ததை அழிப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். அதோடு இந்த நுணுக்கம் பிள்ளைக்குப் புதிதும் இல்லை. கூடாது, வேண்டியதில்லை இரண்டின் வித்தியாசம் ஐந்து வயதிலேயே தமிழில் தெரியும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் அந்த அறிவைத்தான் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்கின்றன.

இன்று ராத்திரி வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள்: 'நீ விளையாடப் போகலாம்', 'மழை வரலாம்' இரண்டும் ஒரே 'லாம்'தானா? மழைக்கு நாமா அனுமதி கொடுக்கிறோம்? பிள்ளை சிரிக்கும், அதன் பிறகு 'மே'யைச் சொல்லிக் கொடுங்கள்.