காந்தி பிறந்த நாளில் இந்தத் தீர்மானமா?



வரும் அக்டோபர் 2 கிராம சபையில் வைப்பதற்காக ஒரு மனு வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் பெண்ணை நீக்க வேண்டும், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் குடியிருக்கும் காலனியின் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட வேண்டும் என்று அதில் இரண்டு கோரிக்கைகள். கையெழுத்துப் போட்டவர்களில் எங்கள் உறவினர்கள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு, எங்களில் சிலருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரும் உண்டு. யாரோ எவரோ செய்த காரியம் என்று ஒதுங்கிப் போக எங்களால் முடியவில்லை. அதனால் பெற்றோர் சிலரும், சுகாதாரத் துறையில் ஓய்வுபெற்ற இருவரும், மகளிர் குழுப் பெண்களும், கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்தது இது. முன்பு சமைத்தவர் பிரசவத்துக்குத் தாய் வீடு போனதால் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வேறொரு பெண் வந்தார். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். ருசி முன்னைவிடத் தேவலை என்று சொன்னவர்களும் உண்டு. அடுத்த வாரம் யாருக்கோ அவர் காலனிக்காரர் என்று தெரியவந்தது. செவ்வாய்க்கிழமை கிச்சடி அண்டாவோடு அப்படியே நின்றது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் கையில் டிபன் பாக்ஸ். பேத்தியைப் பள்ளியில் விட வந்திருந்த, சமைக்கும் பெண்ணுடைய தாயாரின் மடங்கிய விரல்களைக் காட்டி, "அந்தக் கையில வளந்தவ எங்க புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறதா?" என்று கேட் முன்னால் ஒருவர் கத்தினார். அந்த அம்மாள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு பேத்தி பள்ளிக்குத் தனியாகத்தான் வருகிறாள்.

சமைக்கும் பெண்ணுக்குத் தொழுநோய் வந்ததே இல்லை. அவர் தாயாருக்கு வந்தது, சிகிச்சை பெற்றார், குணமாகிப் பல வருடமாயிற்று. நோய் போய்விட்டது, கெட்டுப்போன நரம்பு திரும்பவில்லை. விரல் மடங்கியிருப்பது அதனால்தான். காய்ச்சல் தீர்ந்த பிறகும் முகத்தில் நிற்கும் அம்மைத் தழும்பைப் பார்த்து யாராவது ஓடுகிறோமா? காலை உணவுத் திட்டத்தில் சமையலுக்கு வருபவர் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. தன் பிள்ளை சாப்பிடும் சோற்றில் தாய் அக்கறையாக இருப்பாள் என்பதால் வைத்த விதி அது. அந்தப் பெண்ணின் மகளும் அதே அண்டாவிலிருந்துதான் சாப்பிடுகிறாள்.

பயம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும், கேளுங்கள். தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தது 1873-இல். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக மருத்துவர்கள் அதை ஆராய்ந்துவருகிறார்கள். மருந்தே எடுக்காத நோயாளியோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழ்ந்தால், மூக்கு, வாய்த் துளிகள் வழியாகப் பரவலாம். அப்போதும் நூற்றில் 95 பேருக்குமேல் இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருப்பதால் நோய் பிடிப்பதில்லை. கை குலுக்கினால் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. சமைத்த சாப்பாட்டில் வரவே வராது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தைச் சாப்பிட ஆரம்பித்ததுமே பரவும் தன்மை போய்விடுகிறது. லேசான நோய்க்கு 6 மாதம், முற்றியதற்கு 12 மாதம். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பைசா செலவில்லை. இந்தியாவில் 1983-இல் பத்தாயிரம் பேருக்கு 57.8 என்றிருந்த நோயாளிகள் எண்ணிக்கை, 2005 டிசம்பரில் ஒன்றுக்கும் கீழே வந்தது இந்த மருந்தால்தான்.

இதையெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வெட்கக்கேடு. திருமணியில் 1924-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் மருத்துவமனையில்தான் 1940-களில் டாக்டர் காக்ரேன் சல்போன் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார். 1955-இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டு பொலம்பாக்கத்தில் பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் வந்து இறங்கினார்கள். ஊர் ஊராகப் போய் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் கிளேர் வெலூ இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டு பல வருடம் இங்கேயே பணிசெய்தார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் தொட்டுப் புண் துடைத்த மனிதர்களின் மகள் கிண்டிய கிச்சடியை நம்மால் வாயில் வைக்க முடியவில்லை!

நம்மில் பலர் இந்த நோயைப் பற்றி அறிந்ததெல்லாம் மருத்துவரிடமிருந்து அல்ல, 'ரத்தக்கண்ணீர்' படத்திலிருந்து. 1954-இல் வந்த படம். எம்.ஆர்.ராதாவின் நடிப்பை மெச்சாதவர் கிடையாது, நாங்களும் மெச்சுகிறோம். ஆனால் கெட்டு அலைந்தவனுக்குக் கிடைத்த தண்டனைதான் அந்த நோய் என்ற எண்ணம் அந்தத் திரையோடு நம் வீடுகளுக்குள் வந்து இன்னும் போகவில்லை. கிருமிக்குப் பாவ புண்ணியம் தெரியாது.

காலனியில் இருப்பவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மூத்தவர்களில் யாரும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. தருமபுரிப் பக்கம், ஆந்திரப் பக்கம், கடலோர ஊர்கள் என்று எங்கெங்கோ பிறந்தவர்கள். சிகிச்சைக்கு வந்தார்கள், குணமானார்கள், வீட்டுக்குப் போனார்கள், வீட்டார் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து இங்கே குடிசை போட்டார்கள். நாட்டில் இப்படி உருவான குடியிருப்புகள் எழுநூறுக்கும் மேல். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். ஊரில் அவருக்குக் காரியமே செய்து முடித்துவிட்டார்கள், அவர் உயிரோடிருக்கும்போதே. தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று பஸ்ஸில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம். இன்னொரு பாட்டியைப் பார்க்க மகன் வருவான், வருடத்துக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு. மருமகளுக்கு மாமியார் இருப்பது தெரியாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்க விரல் இல்லாதவர்கள் வரிசையில் கடைசியாக நிற்கிறார்கள். இயந்திரம் பிடிக்காவிட்டால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களே என்ற கூச்சம். காணும் பொங்கலன்று காலனிக்குள் யாராவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வாசலில் கோலம் இருக்கும். வந்துபோக ஆள் இருக்காது. அரசு தரும் மாதாந்தர உதவித்தொகையில் அரிசி வாங்கலாம், பேச்சுத்துணை வாங்க முடியாது.

அந்த மூத்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். தங்கள் பிள்ளைகளோடு இது முடிந்துவிடும் என்று நம்பித்தான் தாங்கினார்கள். இப்போது மூன்றாவது தலைமுறைக்குத் தனிப் பந்தி கேட்கிறோம். பந்தி பிரித்துச் சோறு போடுவது எந்தக் காலத்துப் பழக்கம், யார் யாருக்குச் செய்தது என்று இந்த ஊருக்கு நாங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதை எதிர்த்துப் போராடிய குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

சட்டத்தின் லட்சணமும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம், நோயாளிகள் உணவுப் பண்டம் விற்பதையும் பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது 2016-இல்தான். மணவிலக்குக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு 2019-இல்தான் நீங்கியது. பாரபட்சமான சட்டப் பிரிவுகளை நீக்கச் சொல்லிச் சட்ட ஆணையம் 2015-இல் தனி அறிக்கையே கொடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், தொழுநோயிலிருந்து மீண்டவர்களை ஒதுக்கக் கூடாது என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. நாடே ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துகொண்டிருப்பதை நாம் நம் ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் புதிதாக எழுதப் போகிறோம். அதுவும் எந்த நாளில்? சேவாகிராமத்தில் தொழுநோயாளியான பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தன் கையாலேயே உடம்பு பிடித்துவிட்ட காந்தியின் பிறந்த நாளில். அவர் மறைந்த ஜனவரி 30-ஐத் தொழுநோய் ஒழிப்பு நாளாக நாடு அனுசரிக்கிறது. தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களிடம் பாகுபாடு காட்ட மாட்டேன் என்று அன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். பிள்ளைகளை அப்படிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது காலனிக்காரர்களுக்காக அல்ல, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்காக. தொழுநோய் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. 2023-இல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,82,815 பேர். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடமும் ஆகலாம். முதல் அடையாளம் உணர்ச்சியற்ற ஒரு தேமல், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் காட்டினால் விரல் மடங்காது, முகம் மாறாது, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் குணமாகிவிடும். நாளை உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் முதுகில் அப்படி ஒரு தேமல் வந்தால், இந்தத் தீர்மானம் போட்ட ஊரில் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணிவீர்களா? மறைப்பீர்கள். பவுடர் போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு மறைப்பீர்கள். மருந்தில்லாமல் நோய் முற்றும், வீட்டுக்குள்ளேயே பரவும். காலனியை ஒதுக்கினால் நம் பிள்ளைகள் தப்புவார்கள் என்பது தலைகீழ்க் கணக்கு.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: கையெழுத்துப் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெறுங்கள். நாளையிலிருந்தே பிள்ளைகளை டிபன் பாக்ஸ் இல்லாமல் அனுப்புங்கள். சந்தேகம் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள்; வாட்ஸ்அப்பைக் கேட்காதீர்கள். கேட் முன்னால் கத்தியவர் அந்த அம்மாளிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கே தெரியும். மூவாயிரம் பேருக்கு மேற்பட்ட ஊராட்சி நம்முடையது. 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். எப்போதும் வராதவர்களும் அன்று வாருங்கள், வந்து கை தூக்குங்கள். காலனிக்காரர்களும் இந்த ஊராட்சியின் வாக்காளர்கள். அவர்களை ஓரத்தில் நிற்க விடாமல் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இதற்கு மேலும் தீர்மானத்தைக் கொண்டுவருவோம் என்பவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்துத்தான் காக்கிறது. பலர் பார்க்க அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்தாண்டு வரை சிறை. கேட் முன்னால் நடந்ததைப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள், சாட்சி சொல்லவும் தயாராக இருக்கிறார்கள். தீர்மானம் சபைக்கு வந்தால் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று பதிவு செய்யச் சொல்வோம். நகல் வாங்கி, மனுவோடு சேர்த்து மாவட்ட ஆட்சியரிடமும் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரிடமும் கொடுப்போம். கையெழுத்துப் போட்ட அத்தனை பெயரும் அதில் இருக்கும். எங்கள் சொந்தக்காரர்கள் பெயரும்தான். திரும்பப் பெற நினைப்பவர்கள் அக்டோபர் 1 மாலைக்குள் ஊராட்சி செயலரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எழுத உதவி வேண்டுமானால் மாலை ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் எங்களில் யாராவது இருப்போம்.