ஒரே எஞ்சின், இரு உயரங்கள்

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் செடானும் டைகுன் கிராஸ்ஓவரும் புனேயை அடுத்த சாக்கண் தொழிற்சாலையில் ஒரே அடித்தளத்தின்மீது உருவாகின்றன. இரண்டிலும் 150 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கிடைக்கிறது. சக்கர இடைவெளியும் ஒன்றே: 2,651 மில்லிமீட்டர். ஆகவே நேர்சாலையில் வேகமெடுப்பதில் பெரும் வேறுபாட்டை எதிர்பார்ப்பதற்கில்லை.

வேறுபாடு வளைவில் தெரியும். டைகுனின் உயரம் 1,612 மில்லிமீட்டர். விர்ட்டஸ் 1,507 மட்டுமே. எடைமையம் தாழ்ந்த வண்டி திருப்பத்தில் குறைவாகச் சாயும். ஓட்டுநரின் கைக்கு விரைந்து கட்டுப்படும்.

வாகனக் கடன் கோரி என்னிடம் வருவோரில் பலர், உயரமான வண்டியே எவ்வகையிலும் சிறந்தது என்று முன்னரே முடிவு செய்துவிடுகின்றனர். (என் மைத்துனரும் அவர்களுள் ஒருவர்.) முழங்கால் வலியுள்ள பெற்றோரை ஏற்றி இறக்கவும், மழைக்காலப் பள்ளங்களைக் கடக்கவும் அவ்வுயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வாரந்தோறும் கம்பட்கி மலைப்பாதை வழியே சாத்தாரா செல்பவருக்கு நான் செடானையே பரிந்துரைப்பேன்.

ஏழாண்டுத் தவணைக்குக் கையெழுத்திடுமுன், நகரச் சாலையில் பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். இரு வண்டிகளையும் ஒரே நாளில் பழைய காத்ரஜ் மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். குடும்பத்தாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொள்ளுங்கள். சாய்வை முதலில் உணர்பவர்கள் அவர்களே.