வீடு மாறினால் ‘நெட்’ மாறாதா?

ஆடி போய் ஆவணி பிறந்து விட்டால் சென்னையில் தெருவுக்குத் தெரு சாமான் வண்டிதான். பீரோ போகிறது. கட்டில் போகிறது. கிரைண்டர் போகிறது. ‘நெட்’ கனெக்‌ஷன் மட்டும் வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது!

சென்ற ஆவணியில் நாங்களும் வியாசர்பாடியில் இருந்து கொளத்தூருக்குக் குடி போனோம். 10 நாளைக்கு முன்பே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லி விட்டேன். “கவலைப்படாதீங்க சார், ரெண்டே நாள்ல மாத்திடுவோம்” என்றார்கள்.

பால் காய்ச்சியாச்சு. லைன் வரவில்லை. தினமும் போன் செய்தேன். தினமும் ஒரு புதுக் குரல், அதே பழைய பதில்: “இன்னிக்கு ஆள் வந்துடுவாங்க சார்.”

கூலி போச்சு

என் தங்கை வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பில் பதிவு செய்கிறாள். வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. 12 நாள் லைன் இல்லை. 12 நாள் கூலி போச்சு. ஆனால் கம்பெனி பில் மட்டும் தேதி தவறாமல் வந்தது. அதுவும் முழு மாதத்துக்கு!

கடைசியில் லைன்மேன்தான் உண்மையைச் சொன்னார். “பொட்டியில எடம் இல்ல தம்பி.”

விஷயம் இதுதான். தெருக்கம்பத்துப் பெட்டிக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் வருகிறது. அங்கே அது 8 வீடு, 16 வீடு என்று பிரிகிறது. அத்தனையும் நிரம்பி விட்டால் புது வீட்டுக்கு இடம் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் லைனை எடுத்த பிறகுதான் எங்களுக்கு 13-ம் நாள் லைன் கிடைத்தது.

பெட்டியில் இடம் உண்டா, இல்லையா என்பதை முதல் நாளே பார்த்துச் சொல்லி இருக்கலாமே? “இல்லை” என்றால் நாம் வேறு கம்பெனிக்குப் போய் விடுவோம். அதனால்தான் இழுத்தடிப்பு என்று நான் நினைக்கிறேன்.

2011-ம் ஆண்டு முதல் செல்போன் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்ற முடிகிறது. அதே கம்பெனியின் ‘நெட்’டை அடுத்த ஏரியாவுக்குக் கொண்டு போக ஏன் இந்தப் பாடு?

செய்ய வேண்டியது

கம்பெனிகள் 3 காரியம் செய்ய வேண்டும். புது முகவரியில் லைன் உண்டா என்று மறுநாளே எழுத்தில் சொல்ல வேண்டும். லைன் இல்லாத நாளுக்குப் பணம் வாங்கக் கூடாது. முடியாது என்றால் டெபாசிட்டை அலைய விடாமல் திருப்பித் தர வேண்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்தத் தெருவில் லைன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், புகார் நம்பர் கேட்டு வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ‘டிராய்’ விதி. நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கிறது.

நான் புகார் கொடுத்தேன். 12 நாள் வாடகை கழிந்தது. தங்கையின் கூலி?

“அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல சார்” என்கிறார்கள். அப்படியானால் யார் பொறுப்பு? சொல்லுங்கள்!