கைம்மாறு கருதாத அன்பு

அன்பு என்னும் சொல்லை நம் கல்லூரியில் கேளாத நாளில்லை. காலை ஆராதனையில் அதனைக் கேட்கின்றோம். வேதபாட வகுப்பில் அதற்கு விளக்கம் எழுதுகின்றோம். எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றோம். ஆயினும் நம் அன்றாட நடையைச் சற்றே ஆராய்வோமாயின், நாம் அன்பென்று வழங்குவதிற் பெரும்பகுதி பண்டமாற்றே என்பது புலப்படும். குறிப்பேட்டை இரவல் தந்த நண்பனுக்கு நாமும் தருகின்றோம். நம்மைக் கண்டு முறுவலிப்பவரைக் கண்டு முறுவலிக்கின்றோம். உதவி பெற்றவன் நன்றி கூறாது போயின், இனி அவனுக்கு யாதும் செய்வதில்லையென உறுதி பூணுகின்றோம். இது தீயதன்று, உலகம் பெரும்பாலும் இவ்வாறே நடைபெறுகின்றது. ஆனால் இதனைக் கிறிஸ்தவ அன்பென்று கூறுதல் பொருந்தாது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் தெய்வ அன்பைக் குறிக்க ‘அகாபே’ என்னும் சொல் பெரிதும் வழங்குகின்றது. அவ்வன்பு, பெறுவோனுடைய தகுதியை அளந்து எழுவதன்று. தருவோனுடைய உள்ளத்தினின்று தானே ஊறுவது. விருந்து செய்வோன், திரும்ப அழைக்கவல்ல செல்வரை விடுத்து, அழைக்க இயலாத ஏழைகளையும் ஊனரையும் அழைத்தல் வேண்டுமென்று இயேசு பெருமான் போதித்ததை லூக்கா சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். இம்மையிற் கைம்மாறு பெறும் வழியையே முன்னதாக அடைத்துவிடுமாறு அவர் பணித்தமை நோக்கத்தக்கது. மழையை எடுத்துக்காட்டி ஒப்புரவைக் கற்பித்த திருவள்ளுவரும் இவ்வுண்மைக்கு அயலாரல்லர்.

நன்றி வாராவிடத்தும் இத்தகைய அன்பு நிலைக்குமோ என்று சிலர் வினவலாம். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கி முடங்கிய கைகளைத் தசைநாண்களை இடமாற்றி அமைக்கும் சத்திர சிகிச்சையால் மீண்டும் விரியவும் பற்றவும் செய்தார். ஆனால் சிகிச்சை பெற்றோர் சிலர் முறையீட்டுடன் திரும்பி வந்தனர். முடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டோர், செம்மையான கையைக் கண்டு இடவில்லை. முன்னர் வந்த நோயை அறிந்தோர் வேலையும் தரவில்லை. நன்றியை எதிர்நோக்கிய மருத்துவராயின் அவர் உள்ளம் கசந்திருக்கும். அவரோ அம்முறையீட்டில் தம் பணியின் குறையைக் கண்டார். அவர்கள் தங்கித் தச்சுவேலை முதலிய கைத்தொழில் கற்றுப் பிழைக்குமாறு, கல்லூரி வளாகத்திலேயே ஒரு நிலையம் எழுந்தது. கையை நேராக்கியது கலைத்திறன். குறைகூறி வந்தவனுக்குச் செவி சாய்த்தது அன்பு.

இனி நம் விடுதிக்கு வருவோம். விடியுமுன் தாழ்வாரத்தைப் பெருக்குபவரும், அடுப்பின் வெம்மையில் நமக்கு உணவு சமைப்பவரும், இரவெல்லாம் வாயிலிற் காவல் நிற்பவரும் யாவர்? அவர்களுள் எத்தனை பேருடைய பெயரை நாம் அறிவோம்? கிறிஸ்து பிறந்தநாள் விழாவில் அவர்களுக்குப் புத்தாடை வழங்கிப் புகைப்படமும் எடுத்துக்கொள்கின்றோம். மறுவாரம் அவர்களுள் ஒருவர், ஊதியம் போதவில்லையென்று கூறுவாராயின் நம் முகம் வேறுபடுகின்றது. இத்தனை செய்தும் நன்றியில்லையே என்கின்றோம். சேவையாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரையும் கூறுகின்றோம். தன்னலமறுப்பு நாம் பூணவேண்டிய அணி. எளியவர்மீது நாம் சுமத்தும் பாரமன்று. நாம் தந்த ஆடைக்கு அவர்களுடைய மௌனத்தை விலையாகக் கேட்போமாயின், நாம் செய்தது வாணிகமே.

வகுப்பிலும் இவ்வாறே. தேர்விற் பன்முறை தவறியவன், பேச்சிற் கடுமையுடையவன், உணவு மேசையில் ஒருவரும் அருகமராத தனியன், இவர்களோடு பழகுவதால் நமக்குப் பெருமையுமில்லை, பயனுமில்லை. ஆதலினாலேயே நம் அன்பின் உண்மையை அறியத்தக்க இடம் அதுவாகும்.

மாணவ நண்பர்களே, பெரியதொரு தியாகத்தை இவ்வாண்டு நாம் செய்யவேண்டுவதில்லை. நமக்காக உழைப்போரின் பெயரறிந்து அவர்கள் குறையைப் பொறுமையுடன் கேட்போம். கேட்டதனை அதிகாரிகள் செவிக்கு எட்டச் செய்வோம். ஒருவரும் அறியாவண்ணம் ஒரு நன்மையேனும் செய்து, அதனை நாமும் மறந்துவிடுவோம். காலை ஆராதனையில் நாம் கேட்ட சொல் அப்பொழுதே மாலைக்குள் செயலாகும். அதற்குத் தேவன் நமக்கு அருள்புரிவாராக.