தலைக்கணக்கும் பல்கலைக்கழக வாசலும்

இலவசக் கல்வியைப் பற்றிப் பேச நேர்ந்தால் நமது நாட்டில் எல்லாக் கட்சியாரும் ஒரே குரலிற் பேசுகின்றனர். 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா நடைமுறைக்குக் கொண்டுவந்த திட்டம் ஏழையின் பிள்ளையைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிற்று என்பர். அது மெய்யே. கமக்காரனின் மகன் வைத்தியனானதும், சிறு கடைக்காரனின் மகள் ஆசிரியையானதும் அத்திட்டத்தின் பயன்களே. ஆனால், அந்த ஏழைகளின் வரிசையில் ஒருவரை மட்டும் நெடுங்காலம் எவரும் நிறுத்திப் பார்க்கவில்லை. அவர்தாம் தோட்டத் தொழிலாளி. பல தசாப்தங்களாக இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்திற் பெரும்பங்கைத் தம் முதுகிற் கூடையாகச் சுமந்தவர் அவரே. அவ்வருமானத்தினாலேயே பள்ளிக்கூடங்கள் எழுந்தன, பல்கலைக்கழகமும் எழுந்தது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. ஹந்தானைத் தேயிலை மலையின் அடிவாரத்திலே அது நிற்கின்றது. மலையிற் கொழுந்து கொய்தவளின் பிள்ளை அடிவாரத்துக்கு இறங்கிவர எத்தனை ஆண்டுகள் பிடித்தன? இன்றும் எத்தனை பேர் இறங்கி வருகின்றனர்?

இக்கேள்விக்கு விடை காண்பதற்குச் சட்டப் புத்தகங்களைச் சற்றுப் புரட்டுதல் வேண்டும். 1907ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் வந்த கல்விச் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு ஊட்டும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடமே ஒப்படைத்தன. ஆறு வயது முதற் பத்து வயது வரையில் என்று எல்லையும் வகுத்தன. பத்து வயதோடு சட்டம் நின்றது. அங்கிருந்து கொழுந்துக்கூடை தொடங்கியது. எந்தத் துரைக்குக் கூலிக்கு ஆள் வேண்டுமோ, அந்தத் துரையின் கையிலேயே ஆளைக் கல்விமானாக்கும் பொறுப்பையும் கொடுத்த விந்தை இது. ஓநாயிடம் ஆட்டுக்குட்டியை வளர்க்கக் கொடுத்தாற் கணக்கு எப்படி முடியுமோ, அப்படியே முடிந்தது. ஒற்றை மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி: இதுவே தோட்டப் பாடசாலை.

1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டத்து வாயிலில் நின்றுவிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட எந்த அரசியல்வாதி முன்வருவான்? 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் அரசுடைமையாயின. முற்போக்காளர் அதனைப் பெருவெற்றியெனக் கொண்டாடினர். அவ்வெற்றியிலே தோட்டப் பாடசாலைகளுக்குப் பங்கிருக்கவில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேதான் தொடங்கி, 1990கள் வரை இழுபட்டது. நாடற்றோர் என்னும் அவலத்தை முற்றாகத் துடைக்கும் சட்டமோ 2003இல் வந்தது. இலவசக் கல்விக்கும் அச்சட்டத்துக்கும் இடையில் 58 ஆண்டுகள். ஏனையோரில் மூன்று தலைமுறை கற்று முன்னேறிய காலம் அது.

"அதெல்லாம் பழங்கதை, இன்று சட்டத்தின் முன் யாவரும் சமம், கதவு திறந்திருக்கிறது, நுழையாதவன் குற்றம் நுழையாதவனுடையது" என்று சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதத்தைப் படித்தவர்களின் வாயிலிருந்தே கேட்கிறோம் என்பதுதான் வேதனை. ஆகவே, திறந்திருப்பதாகச் சொல்லப்படும் அக்கதவு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று நுணுகிப் பார்ப்போம்.

விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் முதலிய துறைகளிற் பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. நூற்றுக்கு 55 வரையில் மாவட்டங்களுக்கு அவற்றின் குடித்தொகை விகிதப்படி பங்கிடப்படுகின்றன. எஞ்சிய நூற்றுக்கு 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியவை. நுவரெலியாவும் பதுளையும் அவற்றுள் அடங்கும். ஏட்டிலே பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் நுவரெலியா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அம்மாவட்டத்துக்கு எத்தனை இடங்கள் என்று கணக்கிடும்போது லயத்துக் காம்பராவில் வாழும் ஒவ்வொரு தலையும் எண்ணப்படுகின்றது. இடங்களை நிரப்பும்போதோ, உயர்தர வகுப்பிற் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்கும் பாடசாலையில் அமர்ந்தவர்களுக்குள்ளே மட்டுந்தான் போட்டி நடக்கின்றது. தோட்டத்துப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளோடோ, சாதாரணதரத்தோடோ முடிந்துவிடுகின்றன. உயர்தரம் உள்ள பலவற்றிலும் கலைப்பிரிவே உண்டு; ஆய்வுகூடம் இல்லை. எனவே, தோட்டத்துப் பிள்ளை தலைக்கணக்கிற் சேர்ந்து இடத்தை உண்டாக்கிக் கொடுக்கின்றது. அந்த இடத்தில் அமர்வது வேறொரு பிள்ளை. தோட்டங்களிற் பழகிய கணக்குத்தான் இது. பெரட்டிற் பேர் உண்டு. சம்பளச் சீட்டில் இல்லை.

கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களின் நிலை இதனினும் விசித்திரமானது. அங்கும் தோட்டங்கள் உண்டு; லயங்கள் உண்டு. ஆனால் அம்மாவட்டங்கள் பின்தங்கியவை அல்ல என்பது விதி. கண்டி நகரின் புகழ்பெற்ற கல்லூரியில் மூன்று தனிப்பட்ட வகுப்புகளுக்குச் செல்லும் வைத்தியரின் மகனும், அதே மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து கால்நடையாய் மலையிறங்கி வரும் தொழிலாளியின் மகளும் ஒரே மாவட்டத்தார். ஆகையால் ஒரே பங்கீட்டின்கீழ்ச் சமமானவர். மாவட்டம் என்பது நிலப்பரப்பு, வர்க்கம் அன்று. நிலப்பரப்பை அளந்துவிட்டு வறுமையை அளந்துவிட்டதாக மகிழும் இம்முறையின் அடிப்படைத் தவறு இதுவே.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைத்தல் நன்று. வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் வாழும் ஏழைச் சிங்களக் கமக்காரனின் பிள்ளை நமது போட்டியாளனல்லன். மாவட்டப் பங்கீடு ஏமாற்றுவது அவனையுந்தான். லயத்துப் பிள்ளையையும் கிராமத்துப் பிள்ளையையும் ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்டு, நகரத்து வசதியாளர் இடத்தைப் பிடித்துக்கொள்வது நமது கல்வி வரலாற்றிற் புதிதன்று. 1970களில் தரப்படுத்தலை இனப்பிரச்சினையாக மட்டுமே கண்ட இரு தரப்பாரும், இரு தரப்பிலுமிருந்த அடித்தட்டுப் பிள்ளையை மறந்தனர்.

அடுத்து, 'திறமை' என்னும் தேவதையைப் பூசிப்பவர்கள் வருகின்றனர். இஸட் புள்ளி பொய் சொல்லாது என்பர். உண்மை, அது கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். ஒரே வினாத்தாளை எழுதியவர்களுள் யார் முந்தினார் என்பதே அதனிடம் கேட்கப்படும் கேள்வி. அந்த வினாத்தாளை எழுத வாய்ப்பே பெறாதவரைப் பற்றி அதனிடம் எவரும் கேட்பதில்லை. சோதனைக் குழாயைப் படத்தில் மட்டும் கண்ட மாணவி இரசாயனவியலில் ஏன் தோற்றாள் என்று கேட்பவர், அப்பாடத்தைத் தெரிவு செய்யவே வழியின்றிக் கலைப்பிரிவிற் சேர்ந்த நூறு பேரை ஏன் கேட்பதில்லை? தோல்வியடைந்தவர் கணக்கிலாவது வருவர். தோற்கவும் இடமளிக்கப்படாதவர் எக்கணக்கிலும் வருவதில்லை.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு அரசு கண்ட மருந்தையும் பார்ப்போம். 2015ஆம் ஆண்டளவிற் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6000 ரூபா. உயர்தரம் படித்த மலையக இளைஞனை வகுப்பறையில் நிறுத்தி, கொழுந்துக் கூலிக்கும் குறைவான ஊதியத்தைக் கொடுத்துவிட்டு, "உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் ஆசிரியர்" என்று விழா எடுத்தனர். அவ்விளைஞர்களின் உழைப்பை நாம் தலைவணங்கி மதிக்கின்றோம். ஆனால் மலிவான உழைப்பு என்னும் தோட்டத்து விதியைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு வந்தவர்களை மதிக்க முடியாது.

தேர்தல் நெருங்கும்போது மட்டும் மேடைகளில் ஒரு வாக்குறுதி முளைக்கின்றது: மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம். அக்கோரிக்கையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடித்தளமின்றி மேல்மாடி கட்ட எவராலும் இயலாது. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் நடுவே ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பினால், அதன் விஞ்ஞான பீடத்தில் யார் அமர்வர்? இன்று மாவட்டப் பங்கீட்டில் அமர்பவரே அங்கும் அமர்வர். தோட்டத்துப் பிள்ளைக்குச் சிற்றுண்டிச்சாலையிலும் பூங்காவிலும் வேலை கிடைக்கலாம். அடிக்கல் நாட்டுவது எளிது. ஆய்வுகூடத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது கடினம். எளியதைச் செய்து கடினமானதை மறைப்பதே வாக்குவேட்டையாளரின் கலை.

பிறரைச் சாடிவிட்டு நம்மை மறந்துவிடுதல் நேர்மையாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தனர் என்று பெருமையோடு நினைவுகூர்கின்றோம். ஆனால், 1964 ஒக்டோபரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் தலைவிதியைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்த ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, சமசமாஜத் தலைவர்கள் மந்திரிசபையில் வீற்றிருந்தனர். மக்களை மூட்டைகளைப்போல் எண்ணிப் பங்கிட்ட அப்பேரத்தில் நமது முகாமும் கறைபட்டது. இன்னும் அணுக்கமாக வருவோம். வடக்கிலும் கிழக்கிலுமிருந்து முதல் நியமனம் பெற்று மலையகம் செல்லும் நம்மவருட் பலர் எத்தனை மாதங்களில் இடமாற்ற விண்ணப்பத்தை எழுதினோம்? தமிழ்மொழி உரிமைக்கு ஊர்வலம் போனவர்கள், தமிழ்மொழியில் உயிரியல் கேட்டு நின்ற பிள்ளையை "கஷ்டப் பிரதேசம்" என்ற ஒரு சொல்லாற் கைவிட்டோம். குளிரும் தனிமையும் தங்குமிடமின்மையும் மெய்யான இடர்கள்தாம். அவற்றைத் தீர்க்குமாறு சங்கங்களாற் போராடியிருக்கலாம். நாமோ தனித்தனியே தப்பியோடினோம்.

ஆகவே, நாம் வேண்டுவது யாது? இரக்கமன்று, புலமைப்பரிசில் விழாவுமன்று. முதலாவதாக, பல்கலைக்கழக அனுமதிக் கணக்கு மாவட்டத்தின் பெயரால் மட்டுமன்றி, மாணவர் பயின்ற பாடசாலையின் தரத்தின் பெயராலும் ஆண்டுதோறும் வெளியிடப்படல் வேண்டும். மறைந்திருக்கும் அநீதியை முதலில் எண்ணாக்கிக் காட்டுவோம். இரண்டாவதாக, பின்தங்கியோர்க்கான இடங்கள் மாவட்டத்தை அளவுகோலாகக் கொள்ளாது, வசதியற்ற பாடசாலையை அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். அப்போது கண்டித் தோட்டத்துப் பிள்ளையும் வலப்பனைக் கிராமத்துப் பிள்ளையும் ஒருங்கே பயனடைவர். மூன்றாவதாக, தோட்டங்கள் செறிந்த ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்பிக்கும் முழுமையான உயர்தரப் பாடசாலை ஒன்றும், மாணவர் விடுதியும், ஆசிரியர் விடுதியும் அமைதல் வேண்டும். நான்காவதாக, உதவிப்பணம் பல்கலைக்கழகத்துள் நுழைந்த பின்னரன்றி, உயர்தர வகுப்பின் முதல்நாளிலிருந்தே கிடைத்தல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளை வழிதவறுவது பேராதனையிலன்று. சாதாரணதரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில், கொழும்புக் கடையொன்றின் வேலைக்குப் புகைவண்டி ஏறும்போது.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நோயிலும் பசியிலும் வீழ்ந்த வழி அது. அந்நடையை வாழ்த்திப் பேசிய பெரியோர் பலர். வாழ்த்து வேறு, வழிவிடுதல் வேறு.

இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களே, நாளைக் காலை உங்கள் கல்விக் கோட்டத்திலுள்ள தோட்டப் பாடசாலையொன்றின் நேரசூசியை வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு எதிரே ஆசிரியர் பெயர் வெறுமையாக இருக்கின்றதோ, அதனைக் குறித்துக்கொண்டு உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து வாசியுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் விரிவுரை மண்டபத்திற் சுற்றிப் பார்த்து, லயத்திலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தலைகளை எண்ணுவதற்கு ஆட்சியாளர் நெடுங்காலம் பழகியவர்கள். இனி நாமும் எண்ணுவோம்.