பன்றிக்கறியை ஏன் ஒளிச்சு ஒளிச்சு சமைக்கிறோம்?

ஆட்டுக்கால் பாயா கொதிச்சா தெருவே மோப்பம் பிடிச்சு "இன்னிக்கு என்ன விசேஷம்"னு கேட்கும். பன்றிக்கறி வெந்தா மட்டும் ஜன்னலைச் சாத்துவாங்க. எங்க ஆரணியில மட்டும் இல்லை மக்களே, தமிழ்நாட்டுல பல ஊர்ல இதான் நிலைமை. ஊர் ஓரத்துல கடை, கறுப்பு கவர், கறியைப் பொடிப்பொடியா வெட்டி குக்கர்ல ஏழெட்டு விசில். வாசனை வாசலைத் தாண்டுறதுக்குள்ள சாப்பாடே முடிஞ்சிடும்.

என் கருத்து சிம்பிள். ஒளிச்சு சமைக்கிறதால அவசரமா சமைக்கிறோம். அவசரமா சமைக்கிறதால அந்தக் கறியோட உண்மையான ருசி நமக்குத் தெரியாமலே போகுது.

(மதப்படி சாப்பிடாதவங்க, சைவக்காரங்க யாரும் கோவிச்சுக்காதீங்க. அது உங்க விருப்பம். நான் பேசுறது சாப்பிட்டுட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுறவங்களைப் பத்தி மட்டும் தான் :-))

சரி, மேட்டருக்கு வருவோம். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல, முக்கியமா கரோலினா பக்கம், 'புல்டு போர்க்'னு ஒரு சமையல் ரொம்பப் பிரபலம். பன்றியோட முன்னங்கால் சப்பையை முழுசா எடுத்து, குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேக விட்டு, கடைசியில கையாலயே இழை இழையாப் பிரிச்சு எடுப்பாங்க. அங்கே விறகுத் தணல்ல செய்யிறதை வீட்டுல ஓவன்லயோ ஸ்லோ குக்கர்லயோ செய்யலாம்.

ஏன் அவ்வளவு நேரம்? சப்பை நிறைய வேலை செஞ்ச தசை. அதுல கொலாஜன்னு ஒரு கெட்டியான புரதம் இருக்கு. சூடும் ஈரமும் சேர்ந்தா அது மெதுவா ஜெலட்டினா உருகும். எங்க ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ஈஸி. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீர்ல வேக வைச்சு மேல இருக்கிற பசையை எடுக்கிறாங்க இல்லையா? அந்தப் பசை செரிசின், அதுவும் ஒரு புரதம் தான். அது போனாத்தான் பட்டு மினுமினுப்பா, மிருதுவா வரும். கறியிலயும் அதே மாதிரி தான். இழைகளைக் கட்டி வச்சிருக்கிற கொலாஜன் இளகினாத்தான் இழை பிரியும். குக்கர்லயும் கொலாஜன் உருகும், இல்லைன்னு சொல்லலை. ஆனா பொடிப்பொடியா வெட்டின துண்டுல பிரிக்க இழையே மிஞ்சாது. சாறு எல்லாம் குழம்புக்குப் போயி கறி சக்கையா நிக்கும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஒன்றரை கிலோ சப்பையைத் துண்டு போடாம வாங்குங்க. உப்பு, மிளகு, மல்லி, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் வினிகர் தடவி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஓவன்னா அலுமினியத் தாளால பாத்திரத்தை இறுக்க மூடி, 130 டிகிரியில ஐந்து, ஆறு மணி நேரம். திறந்து வச்சா, மண்பானைத் தண்ணி குளிர்ற மாதிரி, ஈரம் ஆவியாகி கறியோட சூடு ஒரு இடத்துலயே நின்னுடும். ஸ்லோ குக்கர்னா 'லோ'வுல எட்டு மணி நேரம். நடுவுல மூடியைத் திறக்காதீங்க, ஐஸ் கட்டியா இருக்கிற கறியை அப்படியே போடாதீங்க. ரெண்டும் இல்லையா, அடிகனமான பாத்திரத்துல கொஞ்சம் தண்ணி விட்டு, பிரியாணிக்கு தம் போடுற மாதிரி மூடியை மாவால ஒட்டிச் சிம்ல விடுங்க. கறி உள்சூடு 90 டிகிரியைத் தாண்டி, முள்கரண்டியால தொட்டதும் பிரியணும். அதை பன்னுல தான் வைக்கணும்னு சட்டம் இல்லை. பரோட்டாவுக்கு வச்சுப் பாருங்க!

"கரண்ட் பில் யார் கட்டுறது?" காமர்ஸ் ஸ்டூடண்ட் கிட்டயே காஸ்ட் கேட்கறீங்களா :-) ஸ்லோ குக்கர் சுமார் 200 வாட் தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். 1500 வாட் ஓவன் ஆறு மணி நேரம் விடாம எரிஞ்சாக்கூட 9 யூனிட். ஆனா தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத் தான் எரிக்கும், அதனால அவ்வளவு ஆகாது. கறியோ ஆட்டுக்கறியை விட ரொம்ப மலிவு. எல்லாத்தையும் விட முக்கியம், அடுப்படியில யாரும் நின்னு கிளற வேண்டாம். வீட்டுலயே தறி இருக்கிற குடும்பத்துல அந்த நேரத்தோட மதிப்பு என்னன்னு நான் சொல்லணுமா?

அடுத்தது பயம். "பன்றிக்கறி சாப்பிட்டா மூளையில புழு வரும்." இது பாதி உண்மை, அதனால தான் ஆபத்து. புழுவோட லார்வா கட்டி இருக்கிற பன்றியோட கறியை அரைவேக்காடா சாப்பிட்டா குடல்ல நாடாப்புழு வரலாம். மூளைக்குப் போறது கறியில இருந்து நேரா இல்லை. நாடாப்புழு இருக்கிற மனுஷனோட மலத்துல வர்ற முட்டை, தண்ணி, கீரை, கழுவாத கை வழியா வயித்துக்குப் போனா தான் அது நடக்கும். அதனால சுத்த சைவத்துக்கும் வரலாம். பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த நோயைப் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அப்போ தீர்வு என்ன? ஒழுங்கான கழிப்பறை, சோப்பு போட்டுக் கை கழுவுறது, கறியை நல்லா வேக வைக்கிறது. 90 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கா வெந்த கறியில அந்தப் புழு பிழைக்காது.

ஆக, பயத்துக்கு விடை இருக்கு. மிச்சம் இருக்கிறது வெட்கம். பன்றிக்கறி சாப்பிடுறான்னு தெரிஞ்சா இவன் இன்ன சாதின்னு கணக்குப் போடுறாங்க. வாடகைக்கு வீடு கேட்கும்போதே "அதெல்லாம் சமைப்பீங்களா?"ன்னு விசாரிக்கிறாங்க. அந்தக் கேள்வியில 'அது'ங்கிறது கறி மட்டும் இல்லைன்னு கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். இத்தனைக்கும் பெரியபுராணத்துல கண்ணப்பர் சிவனுக்குப் படைச்சது பன்றிக்கறி தான். பதமா வாட்டி, ருசி பார்த்து, நல்ல துண்டாப் பொறுக்கிக் கொடுத்தார். அவரை நாயன்மாரா கும்பிடுவோம், அந்தக் கறியை மட்டும் கறுப்பு கவர்ல போடுவோம். நல்லா இருக்குய்யா நியாயம்!

குடகுல பந்திக்கறி கல்யாண விருந்துலயே இருக்கு. கோவாவுல, நாகாலாந்துல யாரும் ஜன்னலைச் சாத்துறதில்லை. நமக்கு மட்டும் ஏன்?

ஆறு மணி நேரம் வேகுற கறியை ஒளிக்க முடியாது. வாசனை மூணு வீடு தாண்டிப் போகும். போகட்டுமே! யாராவது வந்து "என்ன சமையல்?"னு கேட்டா பேரைச் சொல்லுங்க. சாப்பிடுறவங்களா இருந்தா ஒரு தட்டு கொடுங்க.